பழைய விடெக் குடிக்கும் பெட்ரோலில் வயசுக்கு எவ்வளவு பங்கு?

2001ஆம் வருட ஹோண்டா சிட்டி 1.5 விடெக் ஒன்றை, அதாவது ஹோண்டாவின் விடெக் என்ற வேகமான இன்ஜின் வைத்த காரை, மூன்றாவது கையாக வாங்கினேன். பெயின்ட் மங்கியிருந்தது, சீட் கவர் கிழிந்திருந்தது, ஆனால் இன்ஜின் சத்தம் கேட்ட மாத்திரத்தில் அதெல்லாம் கண்ணில் படவில்லை. முதல் டேங்க் தீர்ந்து கணக்குப் போட்டபோதுதான் திகைத்தேன். சென்னைக்குள் லிட்டருக்கு 8 கிலோமீட்டர். திருச்சி வரை நெடுஞ்சாலையில் போய் வந்தும் 11ஐத் தாண்டவில்லை. விசாரித்த இடமெல்லாம் ஒரே பதில்: "விடெக்னா அப்படித்தான் சார் குடிக்கும்."

அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி எங்கே ஒளிந்திருந்தது என்பதை இரண்டு மாதம் கழித்துக் கண்டுபிடித்தோம். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, இன்ஜினின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் என்ற வால்வு இருக்க வேண்டிய மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் கூடு. வண்டியை முன்பு பார்த்த யாரோ ஒரு மெக்கானிக் எப்போதோ அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

பழைய வேகமான செடான் குடிக்கும் பெட்ரோலை இரண்டு பங்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. ஒரு பங்கு, காரைச் செய்தவர்கள் தெரிந்தே வைத்த செலவு. இன்னொரு பங்கு, இருபது வருட ஓட்டத்திலும் கை மாறியதிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய செலவு. முதலாவதைக் குறைக்கப் போனால் எந்தக் குணத்துக்காக வாங்கினோமோ அதுவே போய்விடும். இரண்டாவதை அநேகமாக முழுதும் மீட்டுவிடலாம். நம் ஆட்கள் பலர் செய்வது இதற்கு நேர்மாறு. வயசால் ஏறியதை "அதோட குணம்" என்று விட்டுவிடுகிறார்கள்; குணத்தால் வருவதைக் குறைக்க காந்தமும் மருந்தும் வாங்கிப் போடுகிறார்கள்.

எதற்காகச் செய்த கார்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் இந்தியாவுக்கு வந்த செடான்களை நினைத்துப் பாருங்கள். 1998இல் ஹோண்டா சிட்டி வந்தது. அதே வருடம் திருவள்ளூர் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர். 1999 கடைசியில் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான், அதன் 1.6 லிட்டர் இன்ஜினுக்கு 92 குதிரைத்திறன். கொஞ்ச காலத்தில் சிட்டியின் விடெக் வந்து 106 குதிரைத்திறன் தந்தது. 2004இல் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், 1.8 லிட்டர் டர்போவில் 150. 2006இல் திருவள்ளூரிலிருந்தே மிட்சுபிஷியின் 2 லிட்டர் செடியா, 115. அம்பாசடரும் மாருதியும் ஓட்டிப் பழகிய காலுக்கு இவை எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு ஓட்டியவர்களைக் கேட்டால் இன்றைக்கும் கண் விரியச் சொல்வார்கள்.

இந்தக் கார்கள் ஏன் கூடக் குடிக்கின்றன? குதிரைத்திறன் அதிகம் என்பதால் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் நெடுஞ்சாலையில் 80இல் நிதானமாகப் போகும்போது அந்த 106 குதிரைகளில் எத்தனை வேலை செய்கின்றன? ஆளோடு சேர்த்து 1,150 கிலோ எடை, அந்தக் காலச் செடானின் உடல்வாகு என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றைத் தள்ளவும் டயரை உருட்டவும் சேர்ந்து ஒன்பது, பத்து குதிரைதான் தேவைப்படுகிறது. மற்ற தொண்ணூற்றுச் சொச்சம் குதிரைகளும் லாயத்தில் சும்மா நிற்கின்றன. கட்டிப் போட்ட குதிரைக்கும் தீனி போட்டாக வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

அது எப்படி என்று பார்ப்போம். டீசல் இன்ஜின் எவ்வளவு காற்று வந்தாலும் இழுத்துக்கொள்ளும். சக்தியைக் கூட்டிக் குறைப்பது டீசலின் அளவைக் கொண்டு. இந்தக் காலத்துப் பெட்ரோல் இன்ஜின்களில் பெட்ரோலும் காற்றும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில், எடைக்கு எடை ஒன்றுக்கு 14.7 என்று கலந்தாக வேண்டும். அதனால் சக்தியைக் குறைக்க வேண்டுமென்றால் காற்றையே குறைக்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் த்ராட்டில் என்ற தட்டு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் தட்டு மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் மூச்சுத் திணறிக்கொண்டு காற்றை உறிஞ்சும். மூக்கை முக்கால்வாசி பொத்திக்கொண்டு ஓடிப் பாருங்கள், ஓடுவதற்கு ஆகும் சக்தியில் பெரும்பங்கு மூச்சு இழுப்பதற்கே போகும். பெரிய இன்ஜினை இலேசான வேலைக்கு வைத்திருந்தால் எப்போதுமே இந்த நிலைமைதான். நல்ல சுமையில் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குத் திருப்பும் அதே இன்ஜின், இலேசான ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும்.

கூடவே கியர் விகிதம். எடுத்த எடுப்பில் பாய வேண்டும் என்பதற்காக இந்தக் கார்களுக்குக் குட்டையான கியர் கொடுத்திருப்பார்கள். ஐந்தாம் கியரில் 100இல் போனால் ஆர்பிஎம் முள், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள், பல கார்களில் 3,000ஐ ஒட்டி நிற்கும். சுற்று கூடக் கூட உள்ளே உராய்வும் கூடும். பழைய டர்போக்களில் இன்னொன்றும் உண்டு: டர்போ தள்ளும் காற்றில் பெட்ரோல் நேரம் தவறித் தானாக எரிந்து இன்ஜின் நாக் அடிக்கக் கூடாது என்று அமுக்க விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவை, குறைத்து வைத்திருப்பார்கள். டர்போ வேலை செய்யாத மெதுவான ஓட்டத்தில் அந்தக் குறைந்த அமுக்கம் மைலேஜைத் தின்னும்.

இதெல்லாம் தவறு இல்லை, தேர்வு. அதற்கு ஹோண்டாவே சாட்சி. 2003இல் சிட்டியின் அடுத்த தலைமுறை வந்தபோது அதே 1.5 லிட்டரில் ஐ-டிஎஸ்ஐ என்ற இன்ஜினைப் போட்டார்கள். சிலிண்டருக்கு இரண்டே வால்வு, இரண்டு ஸ்பார்க் பிளக். சிலிண்டரின் விட்டத்தை 75 மில்லிமீட்டரிலிருந்து 73ஆகக் குறைத்து, பிஸ்டனின் ஓட்டத்தை 84.5இலிருந்து 89.4ஆக நீட்டினார்கள். சக்தி 106இலிருந்து 77க்கு இறங்கியது. விடெக் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் மைலேஜ் கேட்டு வாங்கியவர்கள் ஷோரூமுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே லிட்டர், இரண்டு வேறு நோக்கம். பழைய விடெக்கை வைத்துக்கொண்டு ஐ-டிஎஸ்ஐ தரும் மைலேஜை எதிர்பார்ப்பது சரியில்லை.

விடெக்குக்கு ஒரு நல்ல வார்த்தையும் சொல்லியாக வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டில், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகளுக்கு இரண்டு விதமான மேடு செதுக்கியிருப்பார்கள். ஒன்று தணிந்தது, ஒன்று உயர்ந்தது. 5,000 ஆர்பிஎம் பக்கம் போகும் வரை தணிந்த மேடுதான் வால்வைத் திறக்கும். அதற்கு மேல் ஆயில் அழுத்தத்தில் ஒரு சிறிய ஊசி நகர்ந்து, வால்வைத் தள்ளும் கைகளான ராக்கர்களைப் பூட்டும், உயர்ந்த மேடு வேலையை எடுத்துக்கொள்ளும். "விடெக் அடிக்குது" என்று நாம் சொல்வது அந்த நிமிஷத்தைத்தான். அதாவது நகரத்தில் ஓட்டும்போது நீங்கள் ஓட்டுவது அந்தச் சாதுவான பாதியை. அந்தப் பாதி லிட்டருக்கு 8 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்றால் பழியை விடெக் மேல் போட முடியாது.

முதலில் சரியாக அளக்க வேண்டும்

முள் பாதிக்கு வந்தது, ஆயிரம் ரூபாய்க்குப் போட்டேன், இவ்வளவு ஓடியது என்பதெல்லாம் அளவு ஆகாது. டேங்க் ஃபுல் பண்ணி, நாஸில் தானாக நின்ற இடத்தோடு நிறுத்தி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யம் ஆக்கி, முன்னூறு கிலோமீட்டராவது ஓட்டி, முடிந்தால் அதே பங்க்கில் அதே மெஷினில் மறுபடி ஃபுல் பண்ணி வகுத்துப் பார்க்க வேண்டும். மூன்று டேங்க் சராசரி எடுத்தால்தான் நம்பலாம்.

டயர் அளவையும் பாருங்கள். பழைய செடான் வாங்கும் இளைஞர்கள் முதலில் மாற்றுவது அலாய் வீலைத்தான். 185/60 ஆர்14 இருந்த இடத்தில் 195/60 ஆர்15 போட்டால் சக்கரத்தின் விட்டம் ஆறு சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. வண்டி உண்மையில் 106 கிலோமீட்டர் போயிருக்கும். ஓடோமீட்டர் 100 என்றுதான் காட்டும். மைலேஜ் குறைந்துவிட்டதாகத் தோன்றுவதில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழை. மற்றொரு பகுதி நிஜம்: கூடுதல் அகலமும் எடையும் நின்று நின்று போகும் ஓட்டத்தில் பெட்ரோலைக் கேட்கத்தான் செய்யும்.

வெறும் கூடு சொன்ன பாடம்

இப்போது தெர்மோஸ்டாட்டுக்குத் திரும்புகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் ஓடும் பழைய கார்களில் இது இல்லாத கார்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு அடைத்த ஒரு சிறிய வால்வு. கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர், 80 டிகிரியை ஒட்டிச் சூடாகும்போது மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும்; தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். அதுவரை தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். இன்ஜின் சீக்கிரம் சூடேறி அந்தச் சூட்டிலேயே நிற்பதற்கான ஏற்பாடு அது. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்? குளிர் நாட்டுக்காரன் வச்சது. எடுத்துட்டா இன்ஜின் கூலா ஓடும்" என்று சொல்லிக் கழற்றிவிடுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஆனால் இன்ஜின் கூலாக ஓடக் கூடாது. கூலன்ட் எவ்வளவு சூடு என்று பார்க்க ஒரு சென்சார் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும்: 20 டிகிரியில் ஏறக்குறைய 2,500 ஓம் காட்டுவது 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு வந்துவிடும். ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், அந்த எண்ணை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் விடலாம் என்று முடிவு செய்கிறது. இன்ஜின் சில்லென்று இருந்தால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டக் கூடவே பெட்ரோல் விடும். கார்புரேட்டர் காலத்துச் சோக்கை இழுத்துவிட்ட மாதிரி. என் வண்டியில் தெர்மோஸ்டாட் இல்லாததால் நெடுஞ்சாலைக் காற்றில் ரேடியேட்டர் தண்ணீரை ஆற்றிக்கொண்டே இருந்தது. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததே இல்லை. கால்வாசியில் படுத்துக் கிடக்கும். நானும் "பரவாயில்லை, வண்டி சூடாகவே மாட்டேங்குது" என்று சந்தோஷப்பட்டிருந்தேன். திருச்சி போய் வரும் வழி முழுக்க பாதி சோக் இழுத்துவிட்டு ஓட்டிய கணக்கு அது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று: செக் இன்ஜின் விளக்கு எரியவே எரியாது. சென்சார் பழுதில்லையே! தண்ணீர் உண்மையிலேயே சில்லென்று இருக்கிறது, சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. அந்தக் காலத்துப் பல ஹோண்டாக்களில் டேஷ்போர்டுக்குக் கீழே இரண்டு துளை உள்ள ஒரு நீல நிற இணைப்பு இருக்கும். அதை ஒரு கம்பியால் இணைத்து இக்னிஷனைப் போட்டால் விளக்கு மினுக்கி மினுக்கிப் பழுதின் எண்ணைச் சொல்லும். ஒரு மினுக்கு என்றால் ஆக்சிஜன் சென்சார், ஆறு என்றால் கூலன்ட் சென்சார். நாங்கள் எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை. முள் மட்டும்தான் உண்மையைச் சொன்னது. ஓட ஆரம்பித்து பத்து நிமிஷத்தில் முள் தன் வழக்கமான இடத்துக்கு வராவிட்டால், வேறெதையும் தொடுவதற்கு முன் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்.

கழற்றியவரையும் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். புதிய தெர்மோஸ்டாட் போட்டதும் முதல் டிராஃபிக்கிலேயே வண்டி சூடேறியது. ரேடியேட்டரின் அடிப்பகுதி அடைத்திருந்தது, ஃபேனை இயக்கும் ஸ்விட்ச் செத்திருந்தது. என்றைக்கோ சூடேறியபோது காரணத்தைத் தேடாமல் தெர்மோஸ்டாட்டை எடுத்து அன்றைய பாட்டைத் தீர்த்திருக்கிறார்கள். அதன் விலையை அதற்குப் பிறகு வாங்கியவர்கள் ஒவ்வொரு லிட்டரிலும் கட்டினார்கள். இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ததும் நெடுஞ்சாலையில் 11 இருந்தது 13 ஆனது.

அடுத்தது ஆக்சிஜன் சென்சார். சைலன்சர் பைப்பின் முன்பக்கத்தில் இருக்கும் இது, எரிந்து வரும் புகையில் மிச்சம் எவ்வளவு ஆக்சிஜன் என்று பார்த்து ஈசியூவுக்குச் சொல்லும். பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் பக்கம், குறைந்தால் 0.1 பக்கம் என்று நல்ல சென்சார் விடாமல் மேலும் கீழும் தாவிக்கொண்டிருக்கும். ஈசியூவும் அதற்கேற்பத் திருத்திக்கொண்டே வரும். வயசாகும்போது அந்தத் தாவல் சோம்பிவிடும். முழுதாகச் செத்தால் விளக்கு எரியும். சோம்பினால் பெரும்பாலும் எரியாது. மோசமாகப் பழுதான ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால் மைலேஜ் 40 சதவீதம் வரை கூடலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது. அது உச்ச அளவு, எல்லோருக்கும் அவ்வளவு கிடைக்காது. ஆனால் லட்சத்து ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில் பழைய சென்சாரே இருந்தால் அது பார்க்க வேண்டிய பொருள். சாதாரண மல்டிமீட்டரில் அந்தத் தாவலைப் பார்த்துவிடலாம். சென்சாருக்கு முன்னால் பைப்பில் எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து சென்சாரை ஏமாற்றும். பெட்ரோல் குறைகிறது என்று ஈசியூ நம்பி மேலும் மேலும் ஊற்றும். இருபது வருடத் துருவில் அந்த ஓட்டை அபூர்வமில்லை.

ஆக்டேவியா 1.8 டர்போ வைத்திருப்பவர்கள் ரப்பர் ஹோஸ்களைத் தேட வேண்டும். அந்த இன்ஜின் வரும் காற்றை மாஃப் சென்சார் என்ற காற்றுமானியில் அளந்து பெட்ரோலைத் தீர்மானிக்கிறது. அளந்த பிறகு வழியில் ஒரு ஹோஸ் வெடித்திருந்தால் அளந்த காற்று வெளியே ஓடும், பெட்ரோல் மட்டும் முழுசாக வரும். இழுவையும் போச்சு, மைலேஜும் போச்சு. டர்போவின் மிச்சக் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிவதும் அந்த இன்ஜினில் பலரும் அனுபவித்த சங்கதி.

பிரேக்கைப் பற்றி யாரும் மைலேஜ் பேச்சில் சொல்வதில்லை. பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரின் ஸ்லைடு பின்கள் துரு ஏறி இறுகினால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாது. நாள் முழுக்க லேசாகப் பிரேக் பிடித்தபடி ஓட்டுவோம். சமமான ரோட்டில் நியூட்ரலில் கையால் தள்ளிப் பாருங்கள். ஒரு ஆள் தள்ளினால் நகர வேண்டும். பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு நான்கு வீல் ரிம்மையும் கிட்டக் கை கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான் குற்றவாளி. டிஸ்க்கைத் தொடாதீர்கள், கை வெந்துவிடும். என் வண்டியில் இடது முன்சக்கரம் அப்படித்தான் இருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பார்க் பிளக் காலத்தில் மாற்றுங்கள், இடைவெளி சரி பாருங்கள். "பழைய வண்டி, கெட்டி ஆயில் ஊத்துங்க" என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது, ஆயில் குடிக்காத நல்ல இன்ஜினுக்கு வேண்டாத சுமை. கையேட்டில் சொன்ன கிரேடுக்குத் திரும்பினால் ஒன்றிரண்டு சதவீதம் கிடைக்கும். டயர் காற்று ஒவ்வொரு பிஎஸ்ஐ குறைவுக்கும் 0.2 சதவீதம் அளவில்தான் மைலேஜைக் குறைக்கும், பத்து பிஎஸ்ஐ குறைந்தால் இரண்டு சதவீதம். பெரிசில்லை, ஆனால் செலவே இல்லாத மருந்து. ஏர் ஃபில்டர் விஷயத்தில் மட்டும் ஊர்ப் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்துப் பார்த்தது: கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இன்ஜெக்டர் உள்ள கார்களில் அடைத்த ஃபில்டரால் பிக்கப் குறைகிறது, மைலேஜ் கிட்டத்தட்ட மாறுவதில்லை. த்ராட்டில் ஏற்கெனவே காற்றை அடைத்து வைத்திருக்கிறது, ஃபில்டரும் கொஞ்சம் அடைத்தால் நீங்கள் த்ராட்டிலைக் கொஞ்சம் கூடத் திறப்பீர்கள், அவ்வளவுதான். இன்ஜினின் ஆயுளுக்காக ஃபில்டரை மாற்றுங்கள். பெட்ரோல் லைனில் மாட்டும் காந்தம், சிகரெட் லைட்டரில் செருகும் டப்பா வகையறாக்களுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கு மேற்பட்ட இத்தகைய கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடும்படி மைலேஜைக் கூட்டியதாக ஒன்றுகூடத் தேறவில்லை.

வலது கால்

வண்டி சரியான பிறகு மிச்சம் இருப்பது ஓட்டுகிறவர்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80இல் போகும்போது காற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்களோ, 120இல் அதைப்போல் இரண்டேகால் மடங்கு கொடுக்க வேண்டும். டயரின் உராய்வு பெரிதாக மாறாது என்பதால் மொத்தமாகப் பார்த்தால் என் கணக்கில் முக்கால் பங்கு கூடுதல் வருகிறது. வேகத்தில் இன்ஜினுக்குச் சுமை கூடி அதன் திறமையும் கொஞ்சம் கூடுவதால் பெட்ரோல் அதே அளவுக்கு எகிறாது. ஆனாலும் விழுப்புரம் தாண்டி 120இல் விரட்டுகிறவருக்கும் 90இல் போகிறவருக்கும் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் வித்தியாசம் வருவதை நான் என் வண்டியிலேயே பார்த்தேன்.

மெதுவாக மிதித்து மெதுவாக வேகம் எடுத்தால்தான் மைலேஜ் என்பது அரை உண்மை. த்ராட்டில் மூடியிருப்பதுதான் நஷ்டம் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதனால் தாராளமாகவே மிதித்து, 2,500 ஆர்பிஎம்முக்குள் அடுத்த கியருக்குப் போய்விடுவது நல்லது. ஆனால் தரை வரை மிதிக்கக் கூடாது. முழுத் த்ராட்டிலில் ஈசியூ ஆக்சிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டு, சக்திக்காகவும் இன்ஜினைச் சூட்டிலிருந்து காக்கவும் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். டர்போக்களில் இது இன்னும் தாராளம். கடைசிக் கால்வாசி மிதி மிக விலை உயர்ந்தது.

மலை இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கார்புரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் மிச்சமாகியிருக்கலாம். இன்ஜெக்டர் கார்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால், இன்ஜின் ஐடிலுக்கு மேல் சுற்றும் வரை ஈசியூ பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரல் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரித்தாக வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நியூட்ரலில் இறங்குகிறவர் பெட்ரோலையும் செலவழித்து, பிரேக்கையும் காய்ச்சி, உயிரையும் பணயம் வைக்கிறார். இரண்டாம் கியரில் இறங்கினால் மூன்றும் மிச்சம்.

நகரத்தில் நம் கையில் இருப்பது குறைவு. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு சுமார் 15 கிலோமீட்டர். வண்டி நகரும்போது லிட்டருக்கு 12 கொடுக்கிறது, வழியில் மொத்தம் இருபது நிமிஷம் ஏசியோடு நிற்கிறோம், நிற்கும்போது மணிக்கு 0.8 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 12 என்பது 10 ஆகிவிடும். ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கும் சிக்னலில் இன்ஜினை நிறுத்துவது, பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், பலன் தரும். எந்த நேரத்தில் கிளம்புகிறோம் என்பது அதைவிடப் பலன் தரும்.

எத்தனால் கணக்கு

அண்மைக் காலத்தில் பழைய கார்க்காரர்கள் எல்லோரும் கேட்பது இ20 பற்றி. 20 சதவீத எத்தனால் கலப்பை 2030க்குள் எட்டுவது என்று முதலில் வைத்த இலக்கை அரசு முன்னுக்குக் கொண்டுவந்தது. 2023 பிப்ரவரியில் விற்பனை தொடங்கி, 2025இல் நாடு முழுக்க அதுதான் சாதாரணப் பெட்ரோல் என்று ஆகிவிட்டது. நம் கார்கள் எத்தனால் கலக்காத பெட்ரோலை மனதில் வைத்துச் செய்தவை.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் சக்தி, ஒரு லிட்டர் எத்தனாலில் 21. எண்பதுக்கு இருபது கலந்தால் சக்தி சுமார் 7 சதவீதம் குறைகிறது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையும் எத்தனாலுக்காகச் செய்யாத நான்கு சக்கர வாகனங்களுக்கு 6 முதல் 7 சதவீத மைலேஜ் இழப்பு என்றுதான் சொன்னது. அதாவது சுத்தப் பெட்ரோலில் 14 கொடுத்த கார் 13 கொடுக்கலாம். இந்த இழப்பை எந்த மெக்கானிக்காலும் மீட்க முடியாது, அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் 14 கொடுத்தது 10க்கு வந்துவிட்டது என்றால் எத்தனாலைக் காரணம் சொல்லி உட்காராதீர்கள். வேறு ஏதோ பழுதாகியிருக்கிறது.

இ20க்குச் சரியான கலவைக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை; அதை நல்ல ஆக்சிஜன் சென்சார் இருந்தால்தான் ஈசியூ தெரிந்து திருத்திக்கொள்ளும். சோம்பிய சென்சாரோடு இ20 சேரும்போது வண்டி இடறும், ஐடில் நிற்காது. இன்னொன்று, எத்தனால் நல்ல கரைப்பான். இருபது வருடமாக டேங்கில் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைக்கும். ஆகவே பெட்ரோல் ஃபில்டரை ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விட அவசரமானது ரப்பர். அந்தக் கால எரிபொருள் ஹோஸ்களும் ஓ-ரிங்குகளும் எத்தனாலில் ஊறி உப்பி, பிறகு வெடிக்கும். என் வண்டியில் தெர்மோஸ்டாட், ஆக்சிஜன் சென்சார், இடது பிரேக் எல்லாம் முடித்து நெடுஞ்சாலையில் 14.5, சென்னைக்குள் 10.5 வந்துகொண்டிருந்தது. இ20க்குப் பிறகு 13.7ஆக இறங்கியது. அதை ஒப்புக்கொண்டேன், கணக்குக்குச் சரியாக இருந்தது. ஆனால் ஒருநாள் காலையில் பார்க்கிங்கில் லேசான பெட்ரோல் வாடை. பானெட்டைத் திறந்து, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான இன்ஜெக்டர் ரயிலுக்குப் போகும் ஹோஸை விரலால் அழுத்தினேன், ரப்பர் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. அன்றைக்கு வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் வாங்கி வந்து, டேங்கிலிருந்து ரயில் வரை ரப்பர் உள்ள இடமெல்லாம் மாற்றிய பிறகுதான் சாவியைத் திருப்பினோம்.